மூடிப் பாறைக்குள் இருந்த வாயு
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



இதே கட்டடத்தின் மாடியில், நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஜியாலஜி பரீட்சையில் ஒரு விடை எழுதினேன். பத்துக்கு ஒன்பது மார்க். ஷேல் என்பது களிமண் படிந்து படிந்து இறுகிய பாறை. எண்ணெயும் வாயுவும் அதில் உருவாகும். மேலே மூடி மாதிரி இருந்து கசியாமல் காக்கும். ஆனால் அதிலிருந்தே பெரிய அளவில் எடுக்க முடியாது. இதுதான் என் விடை. அன்றைக்கு அது சரிதான். இன்றைக்கு எழுதினால் ஐயா மார்க் போடமாட்டார்!

நான் அதை எழுதுவதற்குள்ளேயே டெக்சாஸில் ஒருவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். ஜார்ஜ் மிட்செல் என்று பெயர். கிரேக்க நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒருவரின் மகன். சிகாகோ பக்கம் வாயு அனுப்ப ஒப்பந்தம் இருந்தது; பழைய கிணறுகளோ வற்றிக்கொண்டு வந்தன. 1981ல் ஃபோர்ட் வொர்த் அருகே பார்னெட் ஷேலில் முதல் கிணறு தோண்டினார். வாயு இருந்தது, வெளியேதான் வரவில்லை. பாறையில் உள்ள துளைகள் அவ்வளவு நுண்ணியவை. அழுத்தத்தோடு திரவத்தைச் செலுத்திப் பாறையைப் பிளந்து, பிளவு மூடாமல் இருக்க மணலை அனுப்ப வேண்டும். அதற்குக் கெட்டியான கூழ் போன்ற திரவத்தைப் பயன்படுத்தினார்கள். செலவு தாங்கவில்லை. அவருடைய கம்பெனியில் நிக் ஸ்டைன்ஸ்பெர்கர் என்ற இஞ்சினியர், கூழைக் குறைத்துப் பெரும்பாலும் தண்ணீரையே அனுப்பிப் பார்த்தார். 1998ல் ஒரு கிணறு நன்றாகப் பேசியது. அப்போது மிட்செலுக்கு வயது 79. ரிட்டயர்மென்ட் பற்றிப் புலம்புகிற நம்ம செட்டுக்காரர்கள் கவனிக்கவும்.

2002ல் டெவான் கம்பெனி அதை வாங்கியது. செங்குத்தாக இறங்கி, பிறகு பாறைக்குள் படுக்கையாகத் திரும்பும் கிணறுகளை அங்கே நிறையத் தோண்டியது. அப்புறம்தான் வெள்ளம். 2000ல் அமெரிக்க வாயுவில் ஷேலின் பங்கு நூற்றுக்கு இரண்டு அளவுதான். இன்றைக்குக் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு.

இதில் எனக்குப் பிடித்த கதை லூயிசியானாவில் உள்ள சபைன் பாஸ். வெளிநாட்டு வாயுவை இறக்குமதி செய்ய 2008ல் திறந்த துறைமுக நிலையம் அது. திறந்த கையோடு உள்நாட்டிலேயே வாயு பெருகிவிட்டது. கோடிக்கணக்கான டாலர் போட்ட இடம் சும்மா கிடக்குமா? அங்கேயே மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து வாயுவைத் திரவமாக்கும் ஆலை கட்டி, 2016 பிப்ரவரியில் ஏற்றுமதி தொடங்கினார்கள். நம்ம கெயில் நிறுவனம் 2011லேயே இருபது வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தது. அதன் முதல் கப்பல் 2018 மார்ச்சில் தாபோலுக்கு வந்தது. 2022ல் உக்ரைன் போர் மூண்டு ரஷ்யக் குழாய் வாயு சுருங்கியபோது, ஐரோப்பாவுக்குக் கைகொடுத்ததில் அமெரிக்கக் கப்பல்களுக்குப் பெரும் பங்கு. 2023ல் திரவ வாயு ஏற்றுமதியில் அமெரிக்காவே முதலிடம்.

அமெரிக்க மின்சாரத்தில் பாதியளவு தந்த நிலக்கரியை, 2016ல் வாயு முந்தியது. புகை குறைந்தது உண்மை. ஆனால் வழியில் கசியும் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும், அதையும் கணக்கில் சேர்க்கணும். ஒக்லஹோமாவில் எண்ணெய், வாயுக் கிணறுகளின் கழிவுநீரைப் பூமிக்குள் இறக்கியதால் நிலநடுக்கங்கள் பெருகின, 2016ல் 5.8 அளவுக்கு ஒன்று வந்தது.

மற்ற நாடுகளில் ஏன் இவ்வளவு பரவவில்லை என்று கேட்பீர்கள். சீனாவும் அர்ஜென்டினாவும் எடுக்கின்றன. பிரான்ஸ் 2011லேயே பாறை பிளப்பதைத் தடை செய்தது. அமெரிக்காவில் பல இடங்களில் நிலத்துக்காரருக்கே அடியில் உள்ளதும் சொந்தம், ராயல்டி வரும், அதனால் சம்மதித்தார்கள். நம்ம ஊரில் அப்படி இல்லை. காவிரி டெல்டாவில் ஷேல் வாயு உட்படப் புதிதாக எடுப்பதை 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வயலுக்கும் குடிக்கவும் நிலத்தடி நீரை நம்பும் இடம் அது. நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். தொழில்நுட்பத்தைப் பார்த்து வியந்தவன் என்றாலும், அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். கருத்து வேறுபடும் மாணவர்கள் டீ நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.