பிள்ளைகளுக்கு ஊரடங்கு வேண்டுமா?

(பீர்மேட்டில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது)



நம்மிடையே ஒரு யோசனை அடிபடுகிறது. பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகள் கடைவீதியிலோ ஜீப் ஸ்டாண்டிலோ தலைகாட்டக் கூடாது; காட்டினால் போலீஸ் பிடிக்க வேண்டும், பெற்றோரிடம் அபராதம் வாங்க வேண்டும் என்கிறார்கள். சொல்லுகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. பையன் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டு, பகலெல்லாம் வண்டிப்பெரியாறு பஜாரைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் நல்ல பிள்ளையாய் லயத்துக்குத் திரும்பினால் பெற்றவளுக்கு வயிறு எரியாதா?

ஆனால் இந்த மருந்தை ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1995-ல் இப்படி ஒரு பகல் ஊரடங்குச் சட்டம் வந்தது. பள்ளி நேரத்தில் தெருவில் நின்ற மாணவனுக்கு 250 டாலர் அபராதம். கோர்ட் செலவு தனி. நடந்தது என்ன? பஸ் பிந்தியதால் ஓட்டமும் நடையுமாய் வந்த பிள்ளையும் பள்ளி வாசலருகே பிடிபட்டது. சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள், லத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்தவர் வீட்டுப் பிள்ளைகள். கொஞ்சம் நேரமாகிவிட்டால் 'எதற்கு வம்பு' என்று வீட்டிலேயே தங்கத் தொடங்கினார்கள். 2012-ல் அந்த நகரசபையே சட்டத்தைத் திருத்தி 250 டாலர் அபராதத்தைக் கைவிட்டது.

நாங்கள் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவனிடம் அபராதம் வாங்கலாம். வண்டியே நிற்காத ஸ்டேஷனில் காத்து நிற்பவனிடம் வாங்கலாமா? (இடுக்கி ஜில்லாவுக்கு ரயிலே கிடையாது, அது வேறு கதை.)

பள்ளிக்குப் போகாத பிள்ளை யார் என்று லயங்களில் ஏறி இறங்கிப் பார்த்தோம். பஜாரில் சுற்றுகிற பையன் கண்ணில் படுகிறான், அவன் சிலபேர்தான். கண்ணில் படாதது பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை. அம்மா கொழுந்துக்கோ ஏலக்காட்டுக்கோ போனால் கைக்குழந்தையை அவள்தான் பார்க்கிறாள். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்து இந்தத் தாலுகாவில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது அந்த வசதியும் போயிற்று. அந்தப் பெண்ணுக்குப் போலீஸ் என்ன ஊரடங்கு போடப் போகிறது? அவள் ஏற்கெனவே அடைபட்டுத்தான் கிடக்கிறாள்.

வீட்டுக்குள் இருந்தால் பத்திரம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2021 ஜூனில் வண்டிப்பெரியாறு பக்கத்து லயத்தில், பெற்றவர்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆறு வயதுக் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை நாம் மறக்கவில்லை.

சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் கணக்கை வைப்பதும், அவர்கள் பள்ளிக்கு வருகிறார்களா என்று கவனிப்பதும், பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் உள்ளாட்சியின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. பெற்றோருக்கு அபராதம் என்று ஒரு வரி கிடையாது. நம் பக்கத்து லயத்தில் இன்று அசாம், ஜார்க்கண்ட் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வரவேண்டும்.

ஊரடங்கு என்றாலே ஆகாது என்று நாங்கள் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் சாங்லி ஜில்லாவில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். 2022-ல் அங்கே ஊர் கூடி முடிவெடுத்தார்கள்: மாலை 7 மணிக்குக் கோயிலில் சங்கு ஊதும், ஒன்றரை மணி நேரம் டி.வி.யும் செல்போனும் அணைந்திருக்கும், பிள்ளைகள் படிப்பார்கள். போலீஸ் இல்லை. வேலைக்குச் சங்கு ஊதிப் பழகிய மலைதானே இது, படிப்புக்கும் ஒருமுறை ஊதட்டும். ஆனால் அப்பாவும் அந்த நேரம் டி.வி.யை அணைக்க வேண்டும். இங்கே சிலர் சிரிக்கிறீர்கள், தாய்மார்கள் சிரிக்கவில்லை.

வருகிற ஞாயிறு காலை லயம் லயமாக வருகிறோம். பிள்ளையின் வயது, கடைசியாகப் படித்த வகுப்பு, பள்ளி எவ்வளவு தூரம், கைக்குழந்தையை யார் பார்க்கிறார்கள், இந்த நான்கையும் எழுதிக்கொள்வோம். திங்கட்கிழமை அந்த நோட்டோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகிறோம். தாய்மார்களில் ஐந்து பேராவது அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வரவேண்டும்.