காதருகே ஒரு கட்டி: வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்

(மூத்தோருக்கான சுகாதார உரை)



முகம் கழுவும்போதோ சவரம் செய்யும்போதோ, காதுக்குக் கீழே ஒரு சிறு உருண்டை கையில் தட்டுப்படலாம். வலி இருக்காது. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து, மஞ்சள் பற்றுப் போட்டுச் சிலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் காய்ச்சலோடும் வலியோடும் வரும். சில நாள்களில் வற்றிவிடும். வற்றாத கட்டியை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உமிழ்நீர் தரும் பெரிய சுரப்பிகள் மூன்று இணைகள்: காதருகே, தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில். காதருகே உள்ளவற்றில்தான் கட்டிகள் அதிகம் வருகின்றன. அங்கு வருபவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஒரு வகை, புகைபிடிக்கும் வயதானவர்களுக்கு அதிகம் வரும். இன்னொரு வகை மெதுவாக வளரும். பல ஆண்டுகள் விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடும். எந்த வகை என்பதைத் தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால் ஸ்கேன் எடுப்பார்கள். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிதளவு எடுத்துச் சோதிப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அறுவை சிகிச்சை என்றதும், "வாய் கோணிவிடுமா, டாக்டர்?" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பியின் ஊடாகவே செல்கிறது. ஆகவே, மருத்துவர் அந்த நரம்பைக் கண்டறிந்து பாதுகாத்தபடியே, கட்டியைச் சுற்றியுள்ள சிறிது சுரப்பியையும் சேர்த்து அகற்றுவார். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் அது மீண்டும் வரலாம்.

சிலருக்கு முகத்தில் தளர்ச்சி ஏற்படும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது அரிது. காது மடல் மரத்துப்போகலாம். சாப்பிடும்போது கன்னத்தில் வியர்க்கலாம்.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. கட்டியின் வகையையும் உங்கள் உடல்நிலையையும் பார்த்து, கண்காணித்தால் போதும் என்றும் மருத்துவர் சொல்லலாம். அப்படியானால் குறித்த நாளில் தவறாமல் செல்லுங்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கட்டி வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, அந்தப் பக்க முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தாலோ, உடனே மருத்துவரைப் பாருங்கள். முகம் திடீரென்று ஒரு பக்கம் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம். தாமதிக்காமல் 995ஐ அழையுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் கட்டி இருந்தால், உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று மறைக்காதீர்கள். சிறியதாக இருக்கும்போதே எடுப்பது உங்களுக்கும் எளிது, மருத்துவருக்கும் எளிது.