சந்தனத் தட்டு யார் கையில்?



அடையாள அட்டைக்குப் படம் எடுத்த அன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “மிஸ், ஸ்டுடியோ அண்ணன்கிட்ட என்னைக் கொஞ்சம் கலராக்கச் சொல்லுங்க” என்றாள். அழகு மனத்தில் இருக்கிறது என்று தொடங்கினேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

மறுநாள் என் கைப்பேசியில் என்னையே படமெடுத்து, ஃபில்டர் போட்டும் போடாமலும் வகுப்பில் காட்டினேன். கன்னத்துத் தழும்பு மறைந்தது, மூக்கு மெலிந்தது, நிறம் வெளுத்தது. ஒரே சிரிப்பு. பிறகு ஒருத்தி கேட்டாள்: “இது ஏன் மிஸ் எல்லாரையும் வெளுப்பாவே ஆக்குது?”

பேச்சு விளம்பரத்துக்குப் போனது. 1975இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயரோடு வேறென்ன மாறியது என்று பழைய, புதிய விளம்பரங்களை ஒப்பிட்டோம். பாடநூலில் இல்லாத பாடம்தான். ஆனால் ஒரு பாடவேளை போதவில்லை.

மணி அடிக்கும் நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “ஆண்டு விழாவுல சந்தனத் தட்டு புடிக்க எங்களை ஏன் மிஸ் கூப்பிடல?”

அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ஐவரும் சிவப்பு. தேர்ந்தெடுத்தபோது எனக்கு அது தெரியவேயில்லை.

இந்த ஆண்டு பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம்.