வரி வழக்கும் வழித்துணையும்



நெல்லுக்கும் உப்புக்கும் வரி கட்டிய நாடு நம் நாடு. இன்று கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலாத ஒரு சொத்துக்கும் வரி வந்துவிட்டது. பிட்காயின் முதலிய டிஜிட்டல் சொத்துகளையே குறிப்பிடுகிறேன். இவற்றை வாங்குவது நன்றா தீதா என்பது இன்றைய பேச்சன்று. விற்றவருக்கும் வரித்துறைக்கும் இடையே வழக்கு மூளுமாயின், சட்டத்தின் துணையை எங்கே, எவ்வாறு பெறுவது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வில்லியனூர்ப் பக்கத்து ஒதியம்பட்டில் வாழும் வழக்கறிஞன் நான். வரப்புத் தகராறுக்கும் பாகப் பிரிவினைக்கும் என்னை நாடி வந்த குடும்பங்களிலிருந்து, இப்போது கல்லூரி முடித்த இளைஞர்கள் வருமான வரி அறிவிப்பைக் கைப்பேசியில் ஏந்திக்கொண்டு வருகின்றனர். “ஐயா, கூட்டிக் கழித்தால் எனக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. இல்லாத லாபத்துக்கு வரி கேட்கிறார்களே, இது நியாயமா?” என்பதே அவர்களுடைய முதற் கேள்வி.

விடை காண, சட்டம் கூறுவதை முதலில் அறிதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து இத்தகைய சொத்துகளை விற்றுப் பெறும் வருமானத்துக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம். வேறு செலவு எதனையும் கழித்தலாகாது. ஒன்றில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றில் கிடைத்த ஆதாயத்தோடு ஈடுசெய்யவும் இயலாது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் இளைஞர் 4 லட்ச ரூபாய்க்கு வாங்கிய ஒன்றை 6 லட்சத்துக்கு விற்றார். 5 லட்சத்துக்கு வாங்கிய மற்றொன்றை 3 லட்சத்துக்கு விற்றார். லாபம் 2 லட்சம், நட்டம் 2 லட்சம். ஆகவே வரியே இல்லை என்பது அவர் கணக்கு. வாங்கிய விலைக்குச் சான்று காணாத அதிகாரியோ, விற்ற தொகையாகிய 9 லட்சம் முழுவதையும் வருமானமாகக் கொண்டு 2,70,000 ரூபாய் கேட்கிறார். சட்டத்தின் கணக்கு இவ்விரண்டும் அன்று. லாபமாகிய 2 லட்சத்துக்கு மட்டும் 60,000 ரூபாய். அதன்மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வை.

இங்கேதான் சட்ட உதவியின் முதற்பயன் விளங்குகிறது. நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று வழக்காடுவது வீண். சட்டம் தெளிவாக மறுத்துவிட்டது. வாங்கிய விலையைக் கழிக்க வேண்டும் என்பதோ அவருடைய உரிமை. கட்ட வேண்டியது எது, வழக்காடத் தக்கது எது எனப் பிரித்துக் காட்டுபவரே நல்ல துணைவர்.

2022ஆம் ஆண்டுக்கு முந்திய விற்பனைகளின் நிலை வேறு. ஜோத்பூரிலுள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024இல் ஒரு வழக்கைத் தீர்த்தது. 2015-16இல் ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய பிட்காயினை ஒருவர் 2020-21இல் ஆறரைக் கோடிக்கு மேல் விற்றிருந்தார். அந்த ஆதாயம் மூலதன ஆதாயமே எனத் தீர்ப்பாயம் ஏற்றது. நமது சென்னை உயர்நீதிமன்றமும் 2025 அக்டோபர் 25ஆம் நாள், வேறொரு வழக்கில், இத்தகைய நாணயம் சொத்தே என்று கூறியது. ஆகவே, எந்த ஆண்டில் விற்றோம் என்பதே வழக்கின் போக்கை மாற்றிவிடக் கூடும்.

சரி, அறிவிப்பு வந்தால் செய்யத் தக்கது யாது? குறித்த நாளுக்குள் விடை எழுதுக. வங்கிக் கணக்கும், வாங்கி விற்ற தளத்தின் பதிவேடும் அதனோடு இணைக்கப்பெறுக. பிடித்தம் செய்யப்பட்ட 1 விழுக்காட்டு வரி ஏதேனும் இருப்பின் அதனையும் காட்டுக. பின்னரும் பாதகமான ஆணை வருமாயின், 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம். அதற்குரிய கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. முறையீடு செய்த அளவில் வரி வசூல் தானே நின்றுவிடாது. அதனை நிறுத்திவைக்கத் தனியே மனுச் செய்ய வேண்டும். வழக்குக்குரிய தொகையில் 20 விழுக்காட்டைச் செலுத்தினால் எஞ்சியதை நிறுத்திவைப்பது துறையின் பொது வழக்கம். அதற்கு மேலே சென்னையில் தீர்ப்பாயமும், சட்டச் சிக்கல் இருப்பின் உயர்நீதிமன்றமும் உள்ளன.

“வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே” என்பீர்கள். வரி அதிகாரி முன்னும் தீர்ப்பாயத்தின் முன்னும் வழக்கறிஞர் மட்டுமன்றிப் பட்டயக் கணக்கரும், அதிகாரம் பெற்ற உறவினரும்கூட நமக்காகத் தோன்றலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், வரையறுத்த அளவுக்குக் குறைந்த வருமானமுடையோருக்கும் இலவச உதவி பெறும் தகுதியை வழங்குகிறது. அச்சட்டம் ‘நீதிமன்றம்’ என்னும் சொல்லில் தீர்ப்பாயங்களையும் அடக்கியிருக்கிறது. புதுச்சேரியிலும் இதற்கென ஆணையம் உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. ‘ஒதி பெருத்தாலும் தூணாகாது’ என்பது பழமொழி. வரி முழுவதையும் இல்லாமற் செய்து தருகிறேன் என்று வாய் பெருத்துப் பேசுவோர் வழக்குக்குத் தூணாகார். அவர்கள் கையில் உங்கள் கடவுச்சொல்லை ஒப்படைக்க வேண்டா.

அரசு தவறாகக் கேட்டால் மறுத்துரைக்கும் உரிமை எளியவனுக்கும் உண்டு. ஆனால் வாய் திறவாது முப்பது நாளைக் கழித்துவிட்டவன், அந்த உரிமையைத் தன் கையாலேயே பலவீனமாக்கிக் கொள்கிறான். பிறகு தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்றாட நேரும். 2,70,000 ரூபாய்க்கும் 60,000 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு, பல வேளைகளில், பத்திரமாக வைத்த ஒரு பதிவேடும் உரிய நாளில் எழுதிய ஒரு விடையுமேயாம். கணக்கு எழுதும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே மேற்கொள்ளுங்கள்.