உடல் நோயும் உள்ளத் தடுமாற்றமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லேன். ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். என் தமக்கையின் மகள் பொருட்டு ஆறு ஆண்டுகளாக மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நம் குடும்பங்களுக்குச் சொல்வது பயன்தரும் எனக் கருதிச் செயலாளர் அவர்களின் கட்டளையை ஏற்றேன்.

தோல், மூட்டு, இரத்தக் குழாய் முதலியவற்றைப் பிணைத்துத் தாங்கும் அமைப்பினை இணைப்புத் திசு என்பர். கிருமிகளை அழிப்பதற்கென அமைந்த தற்காப்புச் சக்தியானது நெறி பிறழ்ந்து, தன் உடலையே பகையெனக் கொண்டு தாக்குவதால் விளையும் நோய்கள் சில உள. அவற்றுள் ஒன்று லூபஸ். இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு ஓநாய் என்று பொருள். இந்நோயுற்றோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் பிள்ளைப்பேற்றுக்குரிய வயதினர்.

மூட்டு வலி, காய்ச்சல், கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்பு ஆகியவற்றைக் கண்டால் நாம் மருத்துவரிடம் செல்கிறோம். இதே நோய் மூளையையும் தொடும் என்பதைத்தான் நம்மில் பலர் அறிவதில்லை. 1872 ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரத்து மருத்துவர் காப்போசி, இந்நோய் தோலளவில் நில்லாது உடலின் உள்ளும் பரவக்கூடியது என விளக்கினார். 1999 ஆம் ஆண்டில் அமெரிக்க மூட்டுநோய் வல்லுநர் கழகம், லூபஸ் நோயால் மூளைக்கும் நரம்புக்கும் நேரும் கோளாறுகளைப் பத்தொன்பது வகையாகப் பிரித்தது. மறதி, கவனச் சிதறல், மனச்சோர்வு, வலிப்பு, பக்கவாதம், சித்தப் பிரமை ஆகியன அவற்றுள் அடங்கும்.

இஃது எவ்வாறு நேர்கிறது? இரத்தத்தில் தோன்றும் சில எதிர்ப்பொருள்கள் இரத்தத்தை உறையச் செய்து மூளையின் குழாய்களை அடைத்துவிடுகின்றன. லண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் 1983 ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுறுத்தினார். வேறு சில எதிர்ப்பொருள்கள், மூளையைக் காக்கும் அரண் தளர்ந்தவிடத்து உட்புகுந்து நரம்பணுக்களையே தாக்குகின்றன. மூளையைப் படம் எடுத்துப் பார்த்தாலும் சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. படத்தில் தெரியாமையால் நோயே இல்லை என்று ஆகிவிடாது.

என் தமக்கை மகள் கணக்கில் வல்லவள். நோய் கண்ட இரண்டாம் ஆண்டில், பேசும்போதே சொல் கிடைக்காமல் திகைத்தாள். அடுப்பில் பாலை வைத்து மறந்தாள். வீட்டார் அதனை அலட்சியம் என்றனர். பின்னர் ஓர் இரவு, பெற்ற குழந்தையையே யார் என்று கேட்டாள். ஊருக்கு அழைத்துச் சென்று மந்திரிக்கவேண்டும் என்றனர் சிலர். நல்வினையாக ஒரு மருத்துவர், மூட்டு வலியையும் சிறுநீரில் கண்ட புரதத்தையும் மனக் குழப்பத்தையும் ஒருசேர வைத்து நோக்கி, யாவும் ஒரே நோயின் விளைவே என்றார். சிகிச்சையால் சில மாதங்களில் தெளிந்தாள். இன்றும் மறதி சிறிதுண்டு. குறிப்பேடு வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்துகிறாள்.

ஆகவே அன்பர்களே, மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இந்நோயுள்ளவர் பேச்சிலோ நினைவிலோ மாறுதல் கண்டால் அன்றே மருத்துவரிடம் கூறுங்கள். ஸ்டீராய்டு மருந்தும் மனத்தைக் கலக்கக்கூடும். கிருமித் தொற்றும் கலக்கக்கூடும். எது காரணம் என்று பிரித்தறிவது அவர் பொறுப்பு. இரண்டாவது, முகம் உப்புகிறது என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். அஃது உயிருக்கே ஆபத்தாகலாம். நாமோ மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுபவர்கள். விடுமுறைக்குப் பாஸ் எடுத்து ஊர் செல்பவர்கள். பயணத்திற்கும் புது ஊரில் தங்குவதற்கும் போதிய மாத்திரைகளையும் மருத்துவச் சீட்டுகளையும் பெட்டியில் அல்ல, கைப்பையில் வையுங்கள். மூன்றாவது, மறக்கும் பெண்ணைச் சோம்பேறி என்றும், பிதற்றும் பெண்ணைப் பேய் பிடித்தவள் என்றும் ஏசாதீர்கள்.

பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நமக்கு அண்டை வீடே உறவு. அத்தகைய வீட்டில் ஒரு பெண் துன்புறும்போது, பழிச்சொல்லின்றி ஒருவேளைச் சோறு சமைத்துக் கொடுப்பதும் மருத்துவமனைக்குத் துணை செல்வதும் இச்சங்கத்தின் தொண்டாகட்டும்.