நீச்சல் தெரியாதவர்கள் இரவில் கயாக்கில் போகலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அந்தமான் பயணத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். விமானம், தங்கிய இடம், சாப்பாடு எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே போட்டாயிற்று. அதனால் இரவில் கயாக்கில் போனதை மட்டும் சொல்கிறேன். படத்தைப் பார்த்த நம் தெருப் பெண்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "நீச்சல் தெரியாம எப்படிப் போனீங்க?"

நம் பக்கத்துப் பையன்கள் கிணற்றில் குதித்து நீந்தக் கற்றார்கள். என் வயதுப் பெண்களைக் கிணற்றடியோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது. ஆனாலும் போகலாம். அதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரு முனையிலும் தகடு உள்ள துடுப்பால் தள்ளும் ஒடுக்கமான படகு. 2018-இல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிய ஹேவ்லாக் தீவில், அலையாத்திக் காட்டை ஒட்டி வழிகாட்டியோடு இரவில் கூட்டிப்போகிறார்கள். அங்கே துடுப்பு பட்ட இடத்தில் தண்ணீர் நீலமாக மின்னும். டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர்கள், தண்ணீர் கலங்கினால் ஒளி விடுகின்றன. மின்மினிப் பூச்சியைப் போல இதுவும் சூடில்லாத வெளிச்சம்.

முதல் வேலை, காலண்டரைப் பார்ப்பது. நிலா இருந்தால் இந்த ஒளி எடுபடாது. அமாவாசையை ஒட்டிய நான்கைந்து நாட்கள்தான் சரி. நாங்கள் போன தை அமாவாசைக்கு மறுநாள் போனோம். வீட்டுக்காரர் தர்ப்பணத்தை முடித்துவிட்டு வந்தார். அமாவாசையில் கடல் ஏற்றமும் இறக்கமும் அதிகம். தண்ணீர் வற்றினால் படகு சேற்றிலும் வேரிலும் மாட்டும். அதனால் கிளம்பும் நேரத்தை வழிகாட்டிதான் சொல்வார். "எங்களுக்கு எட்டு மணிதான் வசதி" என்று வாதாடாதீர்கள்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். வாரை எல்லாம் இறுக்கிய பிறகு, தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் உங்களுக்குப் பெரிய அளவு, மாற்றிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே, இடுப்பளவு தண்ணீரில் படகை ஒருமுறை கவிழ்த்துக் காட்டச் சொன்னேன். விழுந்தேன், மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறியது, ஜாக்கெட் மேலே கொண்டுவந்துவிட்டது. பயம் பாதி அங்கேயே போயிற்று. கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டு சத்தம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

புடவை, துப்பட்டா, ஜீன்ஸ் வேண்டாம். சீக்கிரம் காயும் முழுக்கை உடை போதும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். இதயக் கோளாறு, வலிப்பு, தோள் விலகும் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், வழிகாட்டியிடமும் மறைக்காதீர்கள். அந்தமான் கழிகளில் முதலை உண்டு. அந்தப் பக்கம் எச்சரிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும்.

இனி அந்த இரவு. என் நாத்தனார் முன்னால், நான் பின்னால். முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். இடையில் யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. போனைக் கரையில் வைத்துவிடுங்கள். குழுவில் நான் போட்ட படமே வழிகாட்டி பெரிய கேமராவில் நெடுநேரம் திறந்து எடுத்தது. கண்ணுக்கு அவ்வளவு நீலமாகத் தெரியாது. தூள் தூளாக, வெளிறித்தான் தெரியும். திடீரென்று அவள், "அண்ணி, துடுப்புல தீப்பொறி பாருங்க!" என்றாள். பிறகு இருவரும் பேசவே இல்லை. கையைத் தண்ணீரில் விட்டால் விரல் இடுக்கில் பொறி. அடியில் ஒரு மீன் ஓடியது, கோடு கிழித்த மாதிரி. மேலே நட்சத்திரம். கவிழ்ந்துவிடுமோ என்ற நினைப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

அந்தமான் செலவு அதிகம் என்பவர்களுக்கு, கொச்சி பக்கத்தில் கும்பளங்கி இருக்கிறது. அங்கே இதைக் 'கவரு' என்கிறார்கள். கோடையில், தண்ணீரில் உப்பு ஏறும்போது தெரியும். சேலத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டு, டியூப் கட்டிக்கொண்டு இரவில் கோமுகி அணைக்குப் போகலாம் என்று நம் பையன்கள் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். இந்த ஒளி கடல்நீரிலும் உப்பங்கழியிலும் வருவது. அணையில் இருட்டும் ஆழமும்தான் இருக்கும். பெற்றோர் இன்றே பேசுங்கள்.

பெண்கள் சிலர் சேர்ந்து அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் போய், நீச்சல் குளத்தில் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து பார்ப்பதாக இருக்கிறோம். வேனில் இன்னும் நான்கு இடம் காலியாக இருக்கிறது. மாற்று உடை எடுத்து வாருங்கள்.