நிலத்தை ஆள்பவனே நிலத்தைக் காக்கவேண்டும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



காணியைப் பற்றிப் பேசவரும் எவரையும் எம்மக்கள் ஐயத்துடன் நோக்குகின்றனர். அதில் வியப்பில்லை. வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வருகின்றது; தந்தையும் பாட்டனும் உழுத நிலம் வனமென்றும் சரணாலயமென்றும் பெயர் பெறுகின்றது. உழுதவன் தன் வேலிக்கு வெளியே நின்று விளக்கங் கேட்கவேண்டியவனாகின்றான். இதனாற் 'பாதுகாப்பு' என்ற சொல்லே எமது கிராமங்களிற் கசந்துவிட்டது.

மறுபுறத்திலே நடப்பது யாது? தோட்டக் காணிகள் துண்டு துண்டாக அளக்கப்பட்டு வீட்டுக் காணிகளாக விலைபோகின்றன. உடையவர்களுள் ஒருவர் கனடாவில், மற்றவர் இலண்டனில். ஊரில் நிற்பவர் தரகர். புகையிலையும் வெங்காயமும் விளைந்த செம்மண்ணிலே சீமெந்து பரவுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறையிலே தங்கினாற்றான் கிணற்றில் நீர். மண்ணை மூடினால் நீர் இறங்காது. நெருக்கமாக வீடு கட்டி மலக்குழி வெட்டினால் இறங்கும் நீரும் நஞ்சாகும். ஒருவர் விற்ற காணியின் விலையை அயலவர் எல்லோரும் தமது கிணற்றினாற் செலுத்துகின்றனர்.

அரசு பறித்துக் காப்பது ஒருவழி. உடையவன் விற்றுக் கெடுப்பது மறுவழி. இவற்றைவிட மூன்றாம் வழி ஒன்று உண்டா? உண்டு என்பதே எமது துணிபு. அவ்வழி ஐக்கிய அமெரிக்காவின் கமக்காரரிடையே வளர்ந்தது. அதனை இங்கு 'காப்புரித்து' என்று அழைப்போம்.

உரித்து என்பது ஒரு கட்டு

காணியின் உரித்து என்பது ஒரே பொருளன்று. பல கழிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு. பயிரிடும் உரிமை ஒன்று. விற்கும் உரிமை ஒன்று. ஈடு வைக்கும் உரிமை ஒன்று. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உரிமை ஒன்று. பிரித்து வீடு கட்டும் உரிமை இன்னொன்று. காப்புரித்துச் செய்பவர், பிரித்துக் கட்டும் உரிமையாகிய கழியை மாத்திரம் உருவி, அதனை நம்பிக்கைப் பொறுப்புச் சபை ஒன்றின் கையிலே கொடுக்கின்றார். அச்சபை அக்கழியைத் தானும் பயன்படுத்தமுடியாது. வேறொருவர் பயன்படுத்தாமற் காக்கமாத்திரமே முடியும். ஏனைய கழிகள் யாவும் உடையவர் கையிலேயே இருக்கும். அவர் பயிரிடலாம், விற்கலாம், முதுசமாக விடலாம். பொதுமக்கள் காணிக்குட் புகும் உரிமையும் இதனால் உண்டாவதில்லை. ஆனால் காணி எவர் கைக்கு மாறினாலும் கட்டுப்பாடும் கூடவே செல்லும்.

இதற்கு விலை எவ்வாறு? ஒரு காணி இன்று சந்தையில் 100 பெறும் என்க. வீடு கட்டமுடியாத கமக்காணியாக அது 60 பெறும் என்க. இடையிலுள்ள 40 தான் உருவிய கழியின் பெறுமதி. உடையவர் அந்த 40ஐ விலையாகப் பெறலாம்; அல்லது தானமாகக் கொடுத்து வருமான வரியிற் சலுகை பெறலாம். காணியை இழவாமலே காணியிலிருந்து பணம்! மகளுக்குச் சீதனம் கொடுக்கவும் கடன் இறுக்கவும் காணி விற்பதைத் தவிர வேறு வழி காணாத குடும்பத்துக்கு இது சிறிய காரியமன்று.

மரின் பாற்பண்ணையாளர்

சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பொற்கதவுப் பாலத்துக்கு அப்பால், மரின் என்றொரு மாவட்டம் உண்டு. கடலோரப் புல்வெளி நாடு. பாற்பண்ணைகள் அதன் உயிர். 1960களில் அங்கே பெருந்தெருக்களும் புதிய நகரங்களும் அமைக்கத் திட்டங்கள் எழுந்தன. 1970களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சி, பண்ணை நிலத்தில் 60 ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதி செய்தது. பண்ணையாளர் பலர் கொதித்தனர். எமது முதுமைக்காலச் சேமிப்பே இந்த நிலந்தான். அதன் விலையை நகரத்தார் ஒரு வாக்கினால் அழிப்பதா என்பது அவர்தம் கேள்வி. நியாயமான கேள்வியே. மேலும், ஒரு சபை செய்த விதியை அடுத்த சபை மாற்றலாம்.

இந்த நிலையிலே 1980ஆம் ஆண்டில் இரு பெண்மணிகள் மரின் விவசாய நிலப் பொறுப்புச் சபையைத் தொடங்கினர். ஒருவர் பிலிஸ் பேபர், உயிரியல் அறிஞர். மற்றவர் எலன் ஸ்ட்ராஸ், பாற்பண்ணைக்காரி. விவசாய நிலத்தைக் காப்பதற்கெனவே அமைந்த இத்தகைய சபைகளுள் அந்நாட்டில் இதுவே முதலாவது. இன்று 50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதன் காப்புரித்தின்கீழ் உள்ளது. செலவுக்குப் பணம்? 1988இல் மாநில மக்கள் வாக்களித்து ஏற்ற கடன்பத்திரத்திலிருந்து 15 மில்லியன் டொலர் கிடைத்தது. 2012இல் மாவட்ட மக்களே விற்பனை வரியில் டொலருக்குக் காற்சதம் கூடக் கொடுக்க வாக்களித்தனர். 2022இல் அதனைப் புதுப்பித்தனர். நிலம் காக்கப்படுவதனால் நன்மை ஊருக்கு; ஆகவே விலையின் ஒரு பங்கும் ஊரைச் சேர்ந்தது. இந்த நீதியை நாம் ஊன்றி நோக்கவேண்டும்.

குத்தகைக்காரனும் உடையவனும்

அதே மாவட்டத்திலே வேறொரு பாடமும் உண்டு. 1962இல் மத்திய அரசு பொயின்ற் ரேய்ஸ் தேசியக் கடற்கரையை அமைத்து, அங்கிருந்த பண்ணைகளை விலைக்கு வாங்கியது. பண்ணையாளர் அதே நிலத்திலே குத்தகைக்காரராகத் தொடர்ந்தனர். ஆண்டுகள் உருண்டன, வழக்குகள் எழுந்தன. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இணக்கத்தின்படி, அங்கிருந்த பண்ணைகளிற் பெரும்பாலானவை பணம் பெற்று வெளியேற உடன்பட்டன. ஆனால் காப்புரித்துச் செய்தவனின் நிலத்துக்கு உறுதி அவன் பெட்டிக்குள்ளே இருக்கின்றது. காணியைக் காக்க வருபவர் உரித்தைக் கேட்கின்றாரா, ஒரு கழியைக் கேட்கின்றாரா என்பதே முதற் கேள்வியாக இருக்கவேண்டும்.

வாசற்படியிற் செய்யும் வேலை

மரினிலே சட்டம் மாத்திரம் காரியத்தை முடித்துவிடவில்லை. நகரத்தார் எமது நிலத்தைப் பூட்டிவைக்கப் பார்க்கின்றனர் என்றே பண்ணையாளர் எண்ணினர். அவர்களிடம் பேசத் தகுதியுடையவர் அதிகாலையில் மாடு கறக்கும் ஒருவரே. எலன் ஸ்ட்ராஸ் அயலவரின் அடுக்களை மேசைக்குச் சென்றார். அவர் பால் விலையை அறிவார். தீன் விலையை அறிவார். அவருடைய பேச்சு எடுபட்டது.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டம் இதனை இன்னும் தெளிவாக்கும். அங்குள்ள அமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுபவர். அரசாங்கப் பணத்தைக் கைநீட்டி வாங்குவது அவர்களுட் பலருக்குச் சமயத்துக்கு ஒவ்வாத செயல். 1980இல் அமைந்த மாவட்டக் காணிக்காப்புச் சபை அவர்களிடம் சென்றால் கதவு எளிதிற் திறவாது. ஆகவே 1988இல் அரசைச் சாராத தனிச்சபை ஒன்று தோன்றியது. நோக்கம் ஒன்றே, தட்டுகின்ற கை வேறு. இன்று இரு சபைகளும் சேர்ந்து ஓர் இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட கமநிலத்தைக் காத்துள்ளன. ஒரு மக்களுடைய நம்பிக்கைக்கு மதிப்பளித்து முறையை மாற்றினார்களேயன்றி, முறைக்காக மக்களை மாற்ற முனையவில்லை.

குறைகளும் உண்டு

பொருளைப் புகழ்ந்து குறையை மறைப்பது தரகர் தொழில். எனவே குறைகளையும் சொல்வோம். முதலாவது, இக்கட்டு என்றென்றைக்கும் உரியது. இன்று ஒப்பமிடுபவர் பேரப்பிள்ளையின் கையையும் கட்டுகின்றார். இரண்டாவது, வீடு கட்டாதே என்று விலக்கலாம். பயிரிடு என்று அந்த விலக்கு எவரையும் ஏவாது. மரினிலே செல்வந்தர் காக்கப்பட்ட பண்ணைகளை வாங்கி உல்லாச வளவாக்கும் அபாயம் தோன்றியபின், விவசாயம் தொடரவேண்டும் என்ற நிபந்தனையும் பிற்கால உறுதிகளில் எழுதப்பட்டது. மூன்றாவது, வரிச் சலுகை இருக்குமிடத்திற் சூதும் நுழையும். காணியின் பெறுமதியைப் பன்மடங்கு ஊதிக்காட்டிக் கூட்டாக வரி ஏய்த்த வியாபாரம் அங்கே பெருகியது. 2022இன் சட்டம் முதலீட்டின் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட அத்தகைய கழிவுகளை மறுத்தது. நான்காவது, ஈட்டிலுள்ள காணியாயின் வங்கியின் இணக்கம் முன்னரே பெறப்படவேண்டும்.

எமது சட்டம் யாது சொல்கிறது?

எம்மிடம் அமெரிக்கச் சட்டம் போன்ற தனிச்சட்டம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வயற்காணியை அனுமதியின்றி நிரப்புவதைத் தடுக்கின்றது. செம்மண் தோட்டக்காரருக்கு அத்தடையின் நிழல் எட்டாது.

ஆயினும் இக்கருத்து எமக்குப் புதிதன்று. உங்கள் பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். கிணற்றிற் பங்கு, வழி, வாய்க்கால் என்று எழுதியிருக்கும். பிறர் காணியூடாக நீர் கொண்டுபோகும் உரிமை அது. காணி கைமாறினும் மாறாத உரிமை அது. பங்குக் கிணற்றின் இறைப்பு முறையைத் தலைமுறைகளாகக் காத்த மக்களுக்கு, கட்டிலிருந்து ஒரு கழியைப் பிரிப்பது எப்படி என்று அமெரிக்கர் வந்து படிப்பிக்கவேண்டியதில்லை.

உரோம-ஒல்லாந்தச் சட்டப்படி இத்தகைய உரிமைக்கு இரண்டு காணிகள் வேண்டும்: சுமையைத் தாங்கும் காணி ஒன்று, பயனைப் பெறும் காணி ஒன்று. அயலிற் காணியில்லாத சபை ஒன்று இவ்வுரிமையைப் பெறுவது கடினம். இதே போன்ற தடை ஆங்கிலச் சட்ட மரபிலும் இருந்தது. அமெரிக்க மாநிலங்கள் தனிச்சட்டம் இயற்றியே அதனைத் தாண்டின. கலிபோர்னியா 1979இல் அதைச் செய்தது. எம்மைப்போல் உரோம-ஒல்லாந்த மரபில் வந்த தென்னாபிரிக்காவும் 2003ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பிரதேசங்கள் சட்டத்தினால், உடையவர் விரும்பிச் செய்யும் ஒப்பந்தம் அடுத்த உடையவரையும் கட்டுப்படுத்த வழி செய்தது. இங்கும் அத்தகைய சட்டத்தைக் கோருவது எமது பிரதிநிதிகளின் கடமை.

ஆனாற் சட்டம் வரும்வரை கைகட்டி இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு பங்குக் கிணற்றைச் சூழ்ந்த பத்துத் தோட்டக்காரர் தம்முள் ஒருவருக்கொருவர் உரிமை வழங்கலாம் என்பது எமது கருத்து. இன்ன தூரத்துக்குள் மலக்குழி வெட்டுவதில்லை; இன்ன எல்லைக்குள் வீடு எழுப்புவதில்லை; புதிய குழாய்க்கிணறு தோண்டுவதில்லை என்று எழுதலாம். இங்கே பயன்பெறும் காணி அயலிலேயே இருக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க உறுதி முடித்து, காணிப் பதிவகத்திற் பதியவேண்டும். பிரிபடாத பங்குக் காணியாயின் பங்காளிகள் யாவரும் ஒப்பமிடவேண்டும். கடல்கடந்து வாழ்பவர் தத்துவப்பத்திரம் அனுப்பவேண்டும்.

இனிச் செய்யவேண்டியது

இவ்வேலையை மேடையில் முடிக்கமுடியாது. சட்டத்தரணிகளே, நிலஅளவையாளரே, ஆசிரியர்களே, உங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமைகளிற் செல்லுங்கள். முதற் பயணத்திற் கடதாசி கொண்டுபோகாதீர்கள், கேள்விகளைக் கொண்டுபோங்கள். கிணற்று நீர் எப்படி, கடன் எவ்வளவு, பிள்ளைகள் எங்கே என்று கேளுங்கள். இரண்டாம் பயணத்திற் குடும்பம் முழுவதையும் கூட்டிப் பேசுங்கள். உரித்தாளிகளில் ஒருவரேனும் அறியாமல் எதுவும் நடக்கக்கூடாது. வேறொரு சட்டத்தரணியிடம் காட்டி அறிந்துகொள்ளுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அவசரப்படுத்தும் எவரையும் நம்பவேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவசரப்படுத்துபவர் நாமாக இருந்தாலும் அதுவே விதி.

விவசாயப் பெருமக்களே, உங்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. உங்கள் கிணற்றைச் சூழ்ந்த காணிகளின் பெயர்களையும் உடையவர் பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவற்றுள் விலைபேசப்படுவது எது, தரிசாகக் கிடப்பது எது என்று குறியுங்கள். அந்தக் கொப்பியுடன் அயலவரைக் கூட்டுங்கள். எவரோ ஒருவர் தூரத்திலிருந்து எமது நிலத்துக்குக் கோடு கீறுமுன், எமது எல்லையை எமது கையினாலே, எமது விருப்பத்தினாலே, எமது உறுதியிலே நாமே எழுதிவைப்போம்.